கிராமத்து வீட்டை விற்கவிடாமல் தடுக்கும் 1,200 மீட்டர் சாலை

கேள்வி: பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பணி ஓய்வு பெற்ற பின், 2005-ஆம் ஆண்டில், ஆனேக்கல் வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் 8 குண்டே (சுமார் 8,700 சதுர அடி) மனை வாங்கி, நான்கு அறைகளும் முன்புறம் ஓட்டுத் தாழ்வாரமும் கொண்ட வீடு ஒன்றைக் கட்டினார். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. இரண்டு பலா மரங்களும் ஆறு தென்னைகளும் நல்ல காய்ப்பில் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் அவரை அல்சூருக்கு அழைத்து வந்துவிட்டோம். ஓசூரில் இருக்கும் என் தம்பியும் நானும் பேசி, அம்மாவின் சம்மதத்தோடு, வீட்டை விற்பது என்று முடிவு செய்து 14 மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் விற்கவில்லை.

வீட்டில் குறை இருப்பதாக வந்தவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. தளி செல்லும் பெரிய சாலையிலிருந்து எங்கள் வீடு 1,200 மீட்டர் உள்ளே இருக்கிறது. அதில் முதல் 850 மீட்டர் பஞ்சாயத்துத் தார்ச்சாலை. பக்கத்துக் கல்குவாரிக்குப் போய்வரும் டிப்பர் லாரிகளால் அது இரண்டு ஆண்டுகளாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. கடைசி 350 மீட்டர், கேழ்வரகு வயல்களின் ஓரமாக ஏரிக்குக் கீழ்ப்புறம் செல்லும் மண்பாதை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வந்த ஐந்து குடும்பங்களில் நான்கு குடும்பத்தினர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், இரண்டு பேர் விலையும் கேட்டார்கள். அக்டோபர் மழையில் வந்த ஒரு தம்பதியின் காரோ வீட்டுக்கு 200 மீட்டர் முன்பாகவே சேற்றில் பதிந்தது. டிராக்டர் வைத்து இழுத்த பிறகு அவர்கள் வீட்டைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டார்கள். அன்று அந்த அம்மையாரின் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

இடைத்தரகர் விலையில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்கிறார். ஊரில் உள்ளவர்களோ, பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் தார் போடுவார்கள், அதுவரை பொறுத்திருங்கள் என்கிறார்கள். எங்கள் சொந்தச் செலவில் சாலையைச் சரிசெய்துவிட்டு விற்கலாம் என்பது தம்பியின் எண்ணம். ஒவ்வோர் ஆண்டும் மழை நின்றதும் அப்பா தாமே கூடையில் கிராவல் சுமந்து சென்று வாசலருகே உள்ள பள்ளங்களை நிரப்புவார். இந்தச் சாலைக் குறையை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இந்த மூன்று வழிகளில் எது சரி? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் எங்கள் குடும்பமே நன்றியோடு இருக்கும்.

மறுமொழி: கிருஷ்ணராஜபுரத்திலிருந்து, ஊரகச் சாலைப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்

அம்மா, உங்கள் 1,200 மீட்டரை ஒரே சாலையாக நினைக்காதீர்கள். தார் போட்ட பகுதிக்கும் மண்பாதைக்கும் பொறுப்பாளிகள் வேறு, கெட்டுப்போன காரணம் வேறு, செய்ய வேண்டிய வேலையும் வேறு.

முதலில் தார்ச்சாலை. பெரிய சாலையிலிருந்து பிரியும் இடத்தில் ஒரு தகவல் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில், அதாவது 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், போடப்பட்ட சாலையாக இருந்தால் அதன் நீளம், செலவு, முடிந்த தேதி, பராமரிப்புக் காலம் ஆகியவை அந்தப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் திட்டத்தில் சாலையைப் போட்ட ஒப்பந்ததாரரே முடித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. அந்தக் காலம் இன்னும் முடியவில்லை என்றால், 'மேரி சடக்' செயலியில் குழிகளின் படங்களோடு புகார் பதிவு செய்து, அதன் நகலோடு பஞ்சாயத்து ராஜ் பொறியியல் துறையின் உதவி நிர்வாகப் பொறியாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். காலம் முடிந்திருந்தாலோ, வேறு நிதியில் போட்ட சாலையாக இருந்தாலோ, கிராம பஞ்சாயத்தின் வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்து, அடுத்த ஆண்டுச் செயல்திட்டத்தில் சேர்க்கும்படி கிராம சபையில் பேசுங்கள். நீங்கள் ஒருவர் பேசுவதைவிட அந்தச் சாலையில் பால் எடுத்துச் செல்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து பேசினால் பலன் அதிகம்.

டிப்பர் லாரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அச்சின் மீது ஏறும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, ஏறத்தாழ 16 மடங்காகிறது. கிராமச் சாலையை டிராக்டரையும் சிற்றுந்தையும் எண்ணித்தான் வடிவமைக்கிறோம். அதிகச் சுமை ஏற்றிய கல் லாரி நாள்தோறும் ஓடினால் மேல்பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடித்தளம் நொறுங்கிவிடும். ஆகவே அந்த 850 மீட்டரில் உங்கள் பணத்தை ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அது பொதுச் சாலை. அனுமதியில்லாமல் அதில் வேலை செய்வதும் முறையல்ல, செய்தாலும் அந்த லாரிகள் நிற்கும்வரை அது நிலைக்காது.

கடைசி 350 மீட்டர்தான் உங்கள் கைக்கு எட்டக்கூடியது. அதைக் கெடுப்பது தண்ணீர். ஏரிக்குக் கீழ்ப்புறம் என்கிறீர்கள். அப்படியானால் கசிவு நீரும் வயலிலிருந்து வழியும் நீரும் பாதையையே வாய்க்காலாக ஆக்கிக்கொண்டிருக்கும். பலரும் செய்யும் தவறு, நாலு லோடு செம்மண்ணையோ கிரஷர் தூளையோ குழிகளில் கொட்டிவிட்டுப் போவது. செம்மண் முதல் மழையிலேயே சேறாகும், வெறும் கிரஷர் தூள் மழையில் அடித்துக்கொண்டு போகும். ஜேசிபி வைத்து மேட்டுப்புறம் ஓரடி ஆழத்திற்கு வடிகால் வெட்டி, பாதையைத் தண்ணீர் குறுக்கிடும் இடத்தில் ஒரு ஹியூம் குழாய் (கான்கிரீட் குழாய்) பதித்து, அதன் பிறகே மேல்மண்ணைத் தொட வேண்டும். 12 அடி அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரங்களைவிட 3 அங்குலம் உயர்ந்திருந்தால் நீர் இருபுறமும் வழிந்துவிடும். இந்த மூன்று அங்குலத்தைக் கவனிக்காமல் விட்டதால் வீணாய்ப்போன சாலைகளை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பந்ததாரரிடம் பேசும்போது உதவும். 350 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், இறுகிய நிலையில் 15 சென்டிமீட்டர் கனம் என்றால் ஏறத்தாழ 184 கன மீட்டர், அதாவது சுமார் 65 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். உருளை ஓட்டும்போது பொருள் இறுகிவிடும் என்பதால் நான்கில் ஒரு பங்கு கூடுதலாக, 80 யூனிட் அளவுக்குக் கிராவலும் ஜல்லியும் கலந்து வாங்க வேண்டியிருக்கும். பாதை முழுவதும் மோசமாக இருக்காது. சேறு பிடிக்கும் பகுதி 120 மீட்டர்தான் என்றால் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேலையை ஜனவரியில் தொடங்குங்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து உருட்டச் சொல்லுங்கள், காய்ந்த கிராவல் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் மாங்காய் மழை உங்கள் வேலைக்கு முதல் தேர்வாக அமையும்.

தார் போட வேண்டாம். பலமில்லாத அடித்தளத்தின் மீது போட்ட தார் ஓராண்டில் பெயர்ந்துவிடும். பெயர்ந்த தார்ச்சாலையைவிட நன்றாகப் பராமரித்த கிராவல் பாதையில் கார் ஓட்டுவது எளிது.

மறுமொழி: சிவாஜிநகரிலிருந்து, சொத்து வழக்குகளில் பணிபுரியும் வழக்கறிஞர்

பொறியாளர் ஐயா சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. எனினும் கிராவல் வாங்குவதற்கு முன் நீங்கள் வேறொன்றை உறுதிசெய்ய வேண்டும், சகோதரி. சாலை எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தச் சாலையில் போவதற்கு உங்கள் வீட்டுக்கு உரிமை இருக்கிறதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. விலை பேசிய இரண்டு குடும்பங்களும் பிறகு ஏன் வரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அவர்கள் ஒரு வழக்கறிஞரிடமோ வங்கியிடமோ கேட்டிருந்தால், அங்கே எழுந்த முதல் கேள்வி இந்த இரண்டாவது கேள்வியாகவே இருந்திருக்கும். கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அணுகுசாலையின் அகலத்தையும் தன்மையையும் தமது அறிக்கையில் எழுதுவார். வங்கியின் வழக்கறிஞரோ அந்தப் பாதை யாருடைய நிலத்தின் மீது போகிறது என்று கேட்பார். சேறாக இருக்கும் பொதுப் பாதைக்கு விலையைக் குறைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் நாளைக்கே வேலி போட்டு அடைக்கக்கூடிய பாதையாக இருந்தால் அது பளிங்குபோல் இருந்தாலும் எந்த வங்கியும் தயங்கும்.

ஆகவே வட்ட நிலஅளவை அலுவலகத்தில் உங்கள் கிராமத்தின் நகாசு எனப்படும் வரைபடத்தின் நகலை வாங்குங்கள். அதில் வண்டிப்பாதை இரட்டைக் கோடாகவும் ஒற்றையடிப் பாதை ஒற்றைக் கோடாகவும் காட்டப்பட்டிருக்கும். அடுத்து, பாதை செல்லும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பஹாணி எனப்படும் நில உரிமைப் பதிவேட்டின் நகலை எடுத்து, அதில் கராபு என்ற கலத்தைப் பாருங்கள். கர்நாடக நில வருவாய் விதிகளின்படி 'ஏ' கராபு என்பது சாகுபடிக்கு உதவாத நிலம். 'பி' கராபு என்பது சாலை, பாதை, ஓடை, ஏரி போன்ற பொதுப் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது. உங்கள் பாதை நகாசில் வண்டிப்பாதையாகவும் பஹாணியில் 'பி' கராபாகவும் இருந்தால் அதை யாரும் அடைக்க முடியாது; யாரேனும் உழுது குறுக்கியிருந்தால் தாசில்தாரிடம் மனு கொடுத்து, அளவையரை அனுப்பி எல்லையைக் காட்டச் செய்யலாம். அரசின் 'திஷாங்க்' செயலியில், நின்ற இடத்தின் சர்வே எண்ணை உடனே பார்க்கலாம். அதை முதல் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது எல்லைக்கு ஆதாரம் ஆகாது.

பாதையின் ஒரு பகுதி தனியார் நிலத்தில் போகிறது என்று தெரிந்தால் பதற வேண்டாம், ஆனால் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ஒரு பாதையை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, இடையீடின்றி, உரிமையோடு பயன்படுத்தி வந்திருந்தால் அந்த வழியுரிமையைக் கோரலாம். உங்கள் தந்தையார் 2005-இல் குடியேறினார் என்பதால் அந்தக் காலம் நிறைவடைந்திருக்கலாம். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் நட்புக்காக அனுமதித்த வழி, எத்தனை ஆண்டுகள் நடந்தாலும், அனுமதியாகவே இருக்கும்; உரிமையாக மாறாது. மேலும் அப்படிப்பட்ட உரிமையை மறுப்பவர் இருந்தால் நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும், வீடு வாங்க வருகிறவர் ஒரு வழக்கையும் சேர்த்து வாங்க விரும்பமாட்டார். உங்கள் மனையும் பக்கத்து நிலமும் முன்பு ஒரே உரிமையாளரிடம் இருந்து பிரிந்தவையாக இருந்து, வேறு வழியே இல்லை என்றால், 13-ஆம் பிரிவின்படி தேவையால் எழும் வழியுரிமை என்ற ஒன்றும் இருக்கிறது. அதற்கு மூலப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது, அந்த உரிமையாளரிடமிருந்து அகலமும் நீளமும் சர்வே எண்ணும் குறிப்பிட்டு, வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் வகையில், பதிவு செய்யப்பட்ட வழியுரிமைப் பத்திரம் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்வதே.

விற்கும்போது இதை மறைக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் தாமாகவே சொல்லியாக வேண்டும். குழி கண்ணுக்குத் தெரியும். பாதையின் 40 மீட்டர் இன்னொருவர் பட்டாவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கிராம பஞ்சாயத்து, இ-ஸ்வத்து என்ற இணையவழிச் சொத்துப் பதிவேட்டின் மூலம் வழங்கும் படிவம் 9, படிவம் 11 ஆகியவை உங்கள் தாயார், நீங்கள், தம்பி ஆகியோர் பெயருக்கு மாறியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் பஞ்சாயத்து எல்லைக்குள் உள்ள வீட்டைப் பதிவு செய்ய முடியாது.

மறுமொழி: ஹாரோஹள்ளிக்கு அப்பால் வசிப்பவர், முன்பு பானஸ்வாடியில் இருந்தவர்

நான் வாங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2019-இல் கனகபுரா சாலையிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே ஒரு பழைய வீட்டை வாங்கி, என் மனைவி, அம்மா, பள்ளி செல்லும் மகள் ஆகியோருடன் வசித்து வருகிறேன். அதற்கு முன் பதினொரு வீடுகளைப் பார்த்தோம்.

நகரத்திலிருந்து வருகிறவர் சாலையைப் பார்க்கும்போது அவர் மனத்தில் ஓடுவது காரின் அடிப்பாகம் மட்டுமன்று. இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தால் 108 வண்டி வாசல்வரை வருமா, பள்ளி வேன் எந்த இடத்தில் நிற்கும், அங்கிருந்து மகள் மழையில் எப்படி நடந்து வருவாள், எரிவாயு உருளை கொண்டுவருபவர் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுவாரா, ஆழ்துளைக் கிணறு வறண்டால் தண்ணீர் லாரி திரும்ப இடம் இருக்குமா, மனைவி வேலை முடிந்து ஸ்கூட்டரில் இருட்டில் வரும்போது பள்ளம் தெரியுமா: இவைதான் எங்கள் கேள்விகள். இவற்றுக்கு நீங்கள் நேராகப் பதில் சொல்ல முடிந்தால் குழிகளை மன்னித்துவிடுவோம். உதாரணமாக, உங்கள் தந்தையாருக்கு உடல்நலம் குன்றியபோது மருத்துவ ஊர்தி எதுவரை வந்தது என்பதை வருகிறவர்களிடம் உள்ளபடியே சொல்லுங்கள்.

ஒரு வீட்டை நாங்கள் மிகவும் விரும்பினோம், முன்பணம் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். முதல்முறை அழைத்துச் சென்ற இடைத்தரகர் 4 கிலோமீட்டர் சுற்றி நல்ல சாலை வழியாகக் கூட்டிச் சென்றிருக்கிறார் என்பது, மழை பெய்த ஒரு மாலையில் நாங்களாகவே போனபோதுதான் தெரிந்தது. சாலை மோசமாக இருந்ததற்காக அந்த வீட்டை நாங்கள் விடவில்லை. இதையே மறைத்தவர் பத்திரத்தில் என்ன மறைத்திருப்பாரோ என்ற அச்சத்தால் விட்டோம். இப்போது நான் இருக்கும் வீட்டின் உரிமையாளரோ, தொலைபேசியில் பேசிய முதல் நாளே, "மழைக்காலத்தில் கடைசி 300 மீட்டர் சிரமம், அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நம்பினோம். நீங்களும் மழையில் எடுத்த காணொளி ஒன்றையும் வெயிலில் எடுத்த காணொளி ஒன்றையும் விளம்பரத்திலேயே சேர்த்துவிடுங்கள். வீணாக வருகிறவர்கள் குறைவார்கள், வருகிறவர்கள் தெரிந்தே வருவார்கள்.

விலையைப் பற்றி: நான்கில் ஒரு பங்கு என்பது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று இடைத்தரகரிடம் கேளுங்கள். நான் வாங்கியபோது ஓர் உள்ளூர் ஒப்பந்ததாரரிடம் பாதைக்கு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையையும் ஐந்து ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத்தான் குறைக்கச் சொன்னேன், அவரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மதிப்பீடு உங்கள் கையில் இருந்தால் பேரம் அந்தத் தொகையைச் சுற்றி நிற்கும். இல்லாவிட்டால் வாங்குகிறவரின் அச்சத்தைச் சுற்றி நிற்கும். அச்சத்துக்கு அளவே இல்லை.

இன்னொன்று. பெங்களூருவைச் சுற்றி துணைநகர வட்டச் சாலை (எஸ்.டி.ஆர்.ஆர்.) வருகிறது, விலை ஏறும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். தாபஸ்பேட்டை முதல் ஹொஸ்கோட்டை வரையிலான பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பெரிய நெடுஞ்சாலை பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்காக உங்கள் 350 மீட்டர் மண்பாதை காய்ந்துவிடாது. வீட்டில் குடியிருக்கப் போகிறவர் அந்த 350 மீட்டரைத்தான் நாள்தோறும் கடக்க வேண்டும்.

மறுமொழி: ராமமூர்த்தி நகரிலிருந்து

மேலே எழுதியவர்கள் எல்லாரும் வாங்குபவர் பெங்களூரு நகரத்திலிருந்து வருவார் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 2020-இல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு, வேளாண் குடும்பத்தைச் சேராதவர்களும் விளைநிலம் வாங்கலாம் என்றான பிறகு, கிராமத்துச் சொத்து என்றாலே நகரத்தார்தான் வாங்குவார்கள் என்ற எண்ணம் எல்லாருக்கும் வந்துவிட்டது. ஹொஸ்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டையும் நாங்கள் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் விளம்பரம் செய்தோம். கடைசியில் வாங்கியவர், அதே மண்பாதையில் தினமும் காய்கறி ஏற்றிச் செல்லும் பக்கத்துத் தோட்டக்காரர். மகனுக்குத் திருமணம் நிச்சயமாகி, தனியாக ஒரு வீடு தேவைப்பட்டதாம். விற்கிறோம் என்பதை அவரிடம் நாங்கள் ஒருமுறைகூட நேரில் சொல்லவில்லை, அவரும் நகரத்து விலை கேட்பார்கள் என்று எண்ணிப் பேசாமல் இருந்திருக்கிறார். உங்கள் பகுதியில் ரோஜா பயிரிடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தச் சாலையைக் குறையாகவே கருதாதவர்கள் அவர்கள்தாம். அவர்கள் கொடுக்கும் விலை சற்றுக் குறைவாக இருக்கலாம், ஆனால் சாலைக்காகப் பணம் போட்டு, ஓராண்டு காத்திருந்து, பிறகு கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் ஊரில் நான்கு பேரிடம் நேரில் சொல்லுங்கள்.

மறுமொழி: கேள்வி கேட்ட வாசகி, மூன்று வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வழக்கறிஞர் அம்மா சொன்னபடி நகாசு வாங்கினோம், ஆறு பஹாணிகளும் எடுத்தோம். 350 மீட்டரில் 310 மீட்டர் வண்டிப்பாதையாகவும் 'பி' கராபாகவும் இருக்கிறது. அதைப் படித்தபோது அம்மா கைகூப்பிவிட்டார். மீதி 40 மீட்டர்தான் சிக்கல். வரைபடத்தில் உள்ள பழைய தடம், ஏரி நிரம்பி வழிந்த ஓர் ஆண்டில் ஓடைபோல் அரித்துவிட்டதால், ஊரார் பக்கத்து வயல் மூலையை ஒட்டி நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த மூலை ஒரு பெரியவரின் பட்டா நிலம். அவர் அப்பாவுக்கு நெருங்கிய நண்பர், அதனால் இருபது ஆண்டுகளாக யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

நானும் தம்பியும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு போய் அவரைப் பார்த்தோம். எழுதித் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை. பாதையின் தண்ணீரைத் தம் வயலில் திருப்பிவிடக்கூடாது என்பது மட்டுமே அவர் கேட்டது. முன்னர் விலை கேட்ட இருவரில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, ஏன் வரவில்லை என்று பணிவாகக் கேட்டேன். வங்கி வழக்கறிஞர் அந்த மூலையைத்தான் சுட்டிக்காட்டினாராம். சேற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தார்ச்சாலைப் பலகையில் பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டதாக இருக்கிறது. 31 பேர் கையெழுத்திட்டுப் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம், அதற்காக எங்கள் விற்பனையை நிறுத்தி வைக்கப்போவதில்லை. ரோஜாத் தோட்டக்காரர்கள் இருவரிடம் சொல்லியிருக்கிறோம். ஒருவர் பொங்கலுக்குப் பின் பேசலாம் என்றார். பெரியவரின் நிபந்தனையைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்பதே இப்போதைய கேள்வி.

மறுமொழி: கிருஷ்ணராஜபுரம் பொறியாளர்

அந்த 40 மீட்டருக்கு வயல்பக்கம் சரிவு வைக்காதீர்கள். அங்கே மட்டும் நடுவில் உயர்த்துவதற்குப் பதிலாக, பாதை முழுவதையும் எதிர்ப்பக்கம், அதாவது அரித்துப்போன பழைய தடத்தின் பக்கம், சற்றே சாயும்படி அமைக்கச் சொல்லுங்கள். அந்தப் பழைய தடம் ஏற்கெனவே ஓடையாகிவிட்டது அல்லவா, அதுவே உங்களுக்கு வடிகால். ஹியூம் குழாயின் வாய் பெரியவரின் வரப்பைப் பார்த்து இருக்கக்கூடாது; வெளியேறும் இடத்தில் கருங்கல் அடுக்கி மண் அரிக்காமல் தடுங்கள். வேலை தொடங்கும் முன் அவரை வரவழைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். 'பி' கராபுப் பகுதி பொதுப் பாதை என்பதால், பஞ்சாயத்து வளர்ச்சி அலுவலரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிய பிறகே ஜேசிபி உள்ளே வரட்டும்.

மறுமொழி: சிவாஜிநகர் வழக்கறிஞர்

பெரியவரின் நல்ல மனத்துக்கு மதிப்பளிக்கும் வகையில் ஆவணம் தெளிவாக இருக்க வேண்டும். அவருடைய நிலம் பூர்வீகச் சொத்தா, சுயமாக வாங்கியதா என்று முதலில் பாருங்கள். பூர்வீகமாக இருந்தால் அவருடைய பிள்ளைகளும், பெண்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும். 40 மீட்டர் நீளம், வண்டி திரும்புவதற்கேற்ற அகலம், அளவையர் வரைந்த படம், தண்ணீர் தொடர்பாக அவர் விதித்த நிபந்தனை ஆகியவை பத்திரத்திலேயே இடம்பெறட்டும், அந்த நிபந்தனை உங்களிடம் வாங்குபவரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதால். உங்கள் தரப்பில் தாயாரும் நீங்களும் தம்பியும் மூவரும் ஒப்பமிடுங்கள். பதிவு முடிந்த பிறகு, வீட்டின் விற்பனைப் பத்திரத்தில் நான்கெல்லை விவரத்துக்குக் கீழே இந்தப் பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, வழியுரிமையோடு விற்கப்படுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். வங்கி வழக்கறிஞரின் சொல்லால் பின்வாங்கிய, வாங்க வந்த அந்த நபருக்கும் ஒரு நகலை அனுப்பி வையுங்கள். அவருடைய கடன் விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கலாம்.